சட்டாம்பிள்ளையும் சித்திர வகுப்பும்

தொடக்கப்பள்ளிப் பிள்ளையிடம் தலைமைப் பொறுப்பைக் கொடுப்பது இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று. நம் திண்ணைப் பள்ளிகளில், ஆசிரியருக்குப் பதிலாக மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கும் மாணவனான சட்டாம்பிள்ளை இருந்தான். எழும்பூரில் 1789 முதல் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் இணங்காதபோது, ஜான் பிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் அவருடைய அறிக்கை வெளிவந்தபின், பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. பிரிஸ்கன் கெட்டிக்காரன்தான். ஆனால், கற்பிக்க வேண்டியது எது என்பதை முடிவுசெய்யும் இடத்தில் அவன் இல்லை. மேலிருந்து வந்ததைக் கீழே கடத்தினான். அதே மணலில் அவன் ஒரு யானையை வரைந்திருந்தால் அதற்குக் குறும்பு என்றே பெயர் கிடைத்திருக்கும்.

கடத்துபவன் என்ற நிலையிலிருந்து முடிவெடுப்பவன் என்ற நிலைக்குப் பிள்ளை நகர்வதற்குக் கலை எப்படி வழிவிட்டது என்பதைக் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் காணலாம். 1937 அக்டோபரில் காந்தி வர்தாவில் கூட்டிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் குழு ஒரு பாடத்திட்டம் வகுத்தது. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். ஓவியம், இசை, கணக்கு மூன்றுக்குமாகச் சேர்த்து 40 நிமிடம். ஓவியத்துக்கு அங்கே கிடைத்த இடம் அவ்வளவுதான். ஆயினும் அத்திட்டத்தின் வழியில் அமைந்த சேவாகிராமப் பள்ளியை நடத்தியவர்கள் தாகூரின் சாந்திநிகேதனிலிருந்து வந்தவர்கள்: யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான இ. டபிள்யூ. ஆரியநாயகமும் அவர் துணைவி ஆஷாதேவியும். சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் 1944இல் கலை ஆசிரியராக அங்கே சேர்ந்தார். பிள்ளைகள் தங்களுக்குள் 'மந்திரி'களைத் தேர்ந்தெடுத்து அன்றாட வேலைகளை நிர்வகித்த பள்ளி அது. சமையலுக்குப் பொறுப்பேற்ற பிள்ளைக்கு வேலை முன்பே வகுக்கப்பட்டிருந்தது. பசிக்கு நேரம் உண்டு. விழாவுக்கு முற்றத்தை அழகுபடுத்தும் வேலை அப்படிப்பட்டதன்று. கோலம் எங்கே தொடங்குவது என்பதை ஒருவர் முதலில் கற்பனை செய்ய வேண்டும். பிறகு மற்றவர்களை இணங்கவைக்க வேண்டும். உத்தரவால் ஆகாத தலைமை இங்கேதான் பழக்கத்துக்கு வருகிறது என்பது என் கருத்து.

நன்றாக வரையும் பிள்ளையே இங்கும் புதிய சட்டாம்பிள்ளை ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகிவிடும், பரிசுக்காக வரையும் பள்ளியில். தேவி பிரசாத்தோ கலையைச் சிலரின் வரமாக அல்ல, கல்வி முழுவதற்கும் அடிப்படையாகக் கருதியவர். இதைவிடக் கடுமையான ஆட்சேபம் தமிழகத்திலிருந்தே எழும். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்ட அதைக் காமராசர் 1954இல் கைவிட்டார். கைவேலையைப் போற்றும் கல்வியெல்லாம் இங்கே ஐயத்துடன் பார்க்கப்படுவது நியாயமே. ஆனால் அந்த ஐயம் என் வாதத்துக்குப் பக்கத்துணையாகிறது. குயவர் வீட்டுப் பிள்ளைக்கு அத்திட்டம் சக்கரத்தைக் காட்டியது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் காட்டவில்லை. தேவி பிரசாத்தும் மட்பாண்டக் கலைஞராகப் பெயர் பெற்றவர்தான். அவர் அந்தச் சக்கரத்தைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டார்.