சொரூபமும் தற்சுரூபமும்

சொரூபம் என்ற சொல்லை 'சு + ரூபம்' என்று பிரித்து 'அழகிய வடிவம்' என்று பொருள் சொல்லும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. மாதா சொரூபத்தின் எழிலை வருணிக்க வரும் விழா மலர்க் கட்டுரைகளுக்கு இந்தப் பிரிப்பு கைகொடுக்கிறது, அதனால் நிலைத்துவிட்டது. அண்மையில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 'சொல் + உருவம்' என்று பிரித்து, வாக்கு மாம்சமானதாக யோவான் எழுதியதற்குத் தமிழே சாட்சி என்று முடித்தார். பக்திக்குக் குறைவில்லை, இலக்கணம்தான் இல்லை. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது நன்னூலின் தொடக்கப் பாடம். சொல்லும் உருவமும் சேர்ந்தால் சொல்லுருவம். அந்த இரண்டு லகரமும் எங்கே போயின என்று அவர் சொல்லவில்லை. அவரை இத்தோடு விடுகிறேன்.

சு + ரூபத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. குரூபத்துக்கு எதிராக வடமொழியில் சுரூபம் என்று ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் 'சு' தமிழுக்கு வரும்போது எழுத்தில் மாறுவதில்லை: சுகந்தம், சுமங்கலி, சுதினம். 'சொ' என்று திரிவது 'ஸ்வ' மட்டுமே. ஸ்வப்னம் சொப்பனமாயிற்று, ஸ்வர்ணம் சொர்ணமாயிற்று, ஸ்வல்பம் சொற்பமாயிற்று. கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் சொஸ்தம், ஸ்வஸ்தத்தின் திரிபுதான். வகரம் கலந்த பிற எழுத்துகளும் இப்படியே நடக்கும்: த்வந்த்வம் தொந்தமாகும், 'த்வம்' என்ற பதம் வேதாந்தத் தமிழில் தொம்பதமாகும். 'பேச்சில் சுகம் சொகமாகிறதே' என்று மடக்கப் பார்ப்பார்கள். உலகம் ஒலகமாவதும் அதே விதிதான். அடுத்து வரும் அகரம் முன்னுள்ள உகரத்தை இழுக்கிறது. ரூபத்தில் அடுத்து நிற்பது ஊகாரம். அந்த வழியும் அடைபட்டது.

ஆகவே சொரூபம் என்பது ஸ்வரூபம், தனக்கே உரிய வடிவம். ஸ்வ சில சமயம் சு-வாகவும் ஒடுங்கும் (சுபாவம், சுதந்திரம்). அதனால்தான் பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகங்களில் சுரூபம் என்று அச்சாகியிருக்கிறது. சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவத்துக்குக் கத்தோலிக்க வீடுகளில் 'பாடுபட்ட சுரூபம்' என்று பெயர். விலா பிளந்து, முழங்கால் தோல் உரிந்து, முள்முடியிலிருந்து ரத்தம் வழிகிற அந்த உடலுக்கு அழகிய வடிவம் என்றா பெயர் வைத்தார்கள்? பெரிய வெள்ளியன்று அதே கோயிலில் வாசிக்கும் ஏசாயா 53, அவருக்கு அழகு இல்லை என்கிறது.

இந்த வழக்கில் புராட்டஸ்டண்டு வேதாகமமே முதல் சாட்சி. 1871இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்துத் தந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பில், யாத்திராகமம் 20இல் செய்யக் கூடாதென்று விலக்கப்படுவது சொரூபம். எபிரெயர் முதல் அதிகாரத்தில் குமாரன் பிதாவின் தன்மைக்குச் சொரூபம். அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது 'கரக்தேர்', நாணயத்தில் அச்சு அழுத்திய பதிவு. கொலோசெயரில், கண்ணுக்குத் தெரியாத கடவுளுக்குக் கிறிஸ்து தற்சுரூபம். ஒரே வேதாகமத்தில் சொ-வும் சு-வும் இருக்கின்றன, இரண்டும் உருவம் என்ற பொருளில்தான். சு என்றால் அழகு என்பவர்கள் யாத்திராகமத்தையும் அப்படியே படித்துப் பார்க்கட்டும். அழகான உருவம் கூடாது, அவலட்சணமானது செய்துகொள்ளலாம் என்று கட்டளை ஆகிவிடும்.

விலக்கப்பட்டதும் வணங்கப்படுவதும் ஒரு சொல்லாக இருப்பது தமிழின் குழப்பமன்று. எபிரெய மூலத்திலேயே அது இருக்கிறது. கட்டளையில் வரும் சொற்களில் ஒன்று 'தெமூனா'. உபாகமம் 4, இஸ்ரயேலர் தெமூனா எதையும் காணவில்லை, குரலை மட்டும் கேட்டார்கள் என்கிறது. எண்ணாகமம் 12 மோசே கர்த்தரின் தெமூனாவைக் கண்டான் என்கிறது. முகத்தைக் கண்டவன் பிழையான் என்று மோசேயிடமே சொல்லப்பட்டது. பிறகு பாறைப் பிளவில் நின்று அவன் பின்புறத்தை மட்டும் பார்த்தான். எண்ணாகமத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தெமூனாவைச் 'சாயல்' ஆக்கினார்கள். சாயலுக்கு மென்மை என்று பொருள் தருவது தொல்காப்பிய உரியியல். அதே உரியியல் 'உரு' என்ற உரிச்சொல்லுக்குத் தரும் பொருள் அச்சம். மோசே கண்டது இந்த இரண்டில் எது என்று என்னைக் கேட்டால் உரு என்பேன். ஏசாயா 6இல் கர்த்தரைக் கண்டவனின் அச்சத்தைப் படித்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ரூபம் என்ற வடசொல்லே உருவிலிருந்து போனது என்று தனித்தமிழ் ஆய்வாளர்கள் வாதிடுவது வேறு வழக்கு. அது வென்றாலும் தோற்றாலும் முன்னே நிற்கும் ஸ்வ அசையாது.

சைவர்கள் இச்சொல்லை எதிர்த்திசையில் ஆண்டதுதான் எனக்கு வியப்பு. சிவஞான முனிவர் போன்ற சித்தாந்த உரையாசிரியர்களுக்குச் சொரூப இலக்கணம் என்பது, உலகை நோக்காமல் இறைவன் தன்னியல்பில் நிற்கும் நிலை. கண்ணுக்கும் வாக்குக்கும் எட்டாதது. உயிர்களுக்காக அவன் உருவம் கொள்வது தடத்தம். சித்தாந்தத்தில் காணவொண்ணாததன் பெயர், கத்தோலிக்கத் தெருவில் சப்பரம் ஏறி வருகிறது. சித்தாந்திகள் சிரிக்கலாம். ஆனால் 787இல் நிக்கேயாவில் கூடிய சங்கம், படத்துக்குச் செய்யும் வணக்கம் அதன் மூலத்தைச் சேரும் என்று தீர்த்தபோது, உருவத்துக்கும் உரியவருக்கும் உள்ள தொடர்பைத்தான் பேசியது. கடவுள் மனித உடலில் காணப்பட்டார், ஆகவே எழுதலாம் என்றார் தமஸ்குவின் யோவான். பிதாவை எழுதலாமா என்பதில் சபைகள் ஒத்துப்போகவில்லை. மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் விதானத்தில் தாடி வைத்த முதியவராக எழுதினார். மாஸ்கோவில் 1667இல் முடிந்த சங்கம் அதைத் தடைசெய்தது.

எஞ்சியிருப்பது தற்சுரூபம். 'தன் + சுரூபம்' என்று பிரிப்பதே பெருவழக்கு. புணர்ச்சிக்குத் தடையில்லை, தற்செயல் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் ஸ்வ என்றாலே தன். தன் தன் வடிவம் என்று ஒருவர் ஏன் சொல்லாக்க வேண்டும்? நான் 'தத் + ஸ்வரூபம்' என்கிறேன்; தத் என்றால் அது. வடமொழியின் தத் தமிழில் தற் ஆகும்: தற்பரம், தற்சிவம், தற்பதம். கொலோசெயர் வசனத்தில் 'தேவனுடைய' என்று முன்னே வந்துவிட்டபோது 'அதன்' எதற்கு என்று கேட்பார்கள். தற்காலத்திலும் தற்சமயத்திலும் இதே தத் இருக்கிறது. எவர் காதில் விழுகிறது? தொகையாக இறுகிய பிறகு முன்னொட்டு தன் பொருளைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இச்சொல்லைப் புதிதாகச் செய்யவில்லை, சித்தாந்தமும் வேதாந்தமும் பேசிய தமிழிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது என் துணிபு. தன் என்பவர்கள் 1871க்கு முந்திய ஓர் ஆட்சியைக் காட்டட்டும்; அதுவரை தற் என்பது தத் தான்.