நூலுக்குச் சாட்சி சொன்னவர்கள்

முசிறியைக் கடந்து கிழக்கே செல்லும் காவிரி, முக்கொம்பில் கொள்ளிடத்தை வடபால் பிரித்து அனுப்பிவிட்டு, இரு ஆறுகளுக்கும் நடுவே உண்டாக்கி வைத்திருக்கும் சீரங்கத் தீவில், தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள சிறு மண்டபமொன்றைக் கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றிய ஸ்தலமென்று இன்றும் காட்டுகிறார்கள். அந்த அரங்கேற்றத்தைப் பற்றி வழங்கிவரும் ஐதீகத்தைப் பக்தியோடு கேட்பவர் பலர்; ஒரு நூலின் யோக்கியதையைப் பிறர் வாக்கால் நிறுவுகிற வழக்கத்தின் சரித்திரமாகவும் அதைக் கேட்கலாம்.

சீரங்கத்தார் கம்பருடைய காவியத்தை எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்ளவில்லையாம். தில்லைக் கோயில் தீட்சிதர்களான மூவாயிரவரின் கையொப்பம் பெற்று வரும்படி சொன்னார்கள். மூவாயிரவரும் ஓரிடத்தில் கூடுவதோ அரிது. கம்பர் காத்திருந்தார். பாம்பு தீண்டி ஒரு பாலகன் இறந்துபோக, அந்தத் துக்கத்திற்காக அவர்கள் எல்லாரும் கூடிய வேளையில், நாகபாசப் படலத்துப் பாடல்களைக் கவிஞர் ஓதப் பிள்ளை உயிர் பெற்று எழுந்தான் என்றும், அதன் பின்னரே கையொப்பம் கிடைத்தது என்றும் கதை செல்கிறது. அதோடும் விட்டார்களில்லை, சைனப் புலவர், மாவண்டூர்க் கருமான், தஞ்சையில் ஒரு கணிகை என்று, வைணவத்தோடு சம்பந்தமற்றவர்களையும் கவிஞருக்குச் சலுகை காட்ட முகாந்தரம் இல்லாதவர்களையும் தேடித்தேடிச் சாட்சிகளாக்கினார்கள். இவ்வளவும் நடந்தபடியே நடந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் இக்கதையைக் கட்டியவர்களுக்குச் சாட்சியின் இலக்கணம் நன்றாகத் தெரிந்திருந்தது: மறுக்கும் சுதந்திரமுள்ளவன் தலையசைத்தால்தான் அந்தத் தலையசைப்புக்கு மதிப்பு.

நூலுக்குப் பிறரே சாட்சி சொல்லவேண்டும் என்ற நியாயத்தை இலக்கணகாரர் விதியாகவே எழுதி வைத்தார்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்தவர் பனம்பாரனார்; அவர் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது உரையாசிரியர் கூற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன் ஆகிய நால்வரே சிறப்புப்பாயிரம் செய்ய உரியவர் என்று வரையறுத்தார். எல்லாக் கலையும் வல்லவனே ஆயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாதென்றார். நூலின் பெயர், அது வந்த வழி, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றைப் பாயிரம் சொல்லவேண்டும் என்றும் விதித்தார். வெறும் புகழ்ச்சி பாயிரமாகாது; நூலைப் படித்து, அதன் விஷயத்தை அறிந்து எழுதியதற்கு அடையாளம் அந்தப் பாயிரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் திரிசிரபுரத்தில் வாழ்ந்து பின்னர் மாயூரத்துக்கும் திருவாவடுதுறைக்கும் சென்ற மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876), பிறர் நூல்கள் பலவற்றுக்குச் சிறப்புப்பாயிரம் அளித்தவர். அவருடைய மாணாக்கரும் திருச்சிராப்பள்ளிச் சீமைப் பூவாளூர்க்காரருமான தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழ்ப் பண்டிதர் பதவிக்கு 1880-இல் தம் ஆசிரியரின் மற்றொரு மாணாக்கரான உ. வே. சாமிநாதையரைச் சிபாரிசு செய்தபோது, செட்டியார் வாக்கில் மிகுந்த நம்பிக்கை உள்ளவர்களாயிருந்தும், முதல்வர் கோபாலராவ் முதலியோர் இளைஞரைப் பாடச்சொல்லியும் பொருள் கேட்டும் பரீட்சித்த பின்னரே வேலை கொடுத்தார்கள். சிபாரிசு கதவைத் திறந்தது. உள்ளே அமர்த்தியது வித்துவத்துவம்.

ஆயினும் 1835-க்குப் பின் சுதேசிகளும் தடையின்றி அச்சுக்கூடம் நடத்தலானதும் நூல்கள் பெருகின. அவற்றோடு, நூலைப் புகழ்ந்து பிறர் பாடித் தரும் சாற்றுகவிகளும் பெருகின. நண்பருக்கு நண்பர் பாடுவதும், இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்று பரிமாறிக்கொள்வதும் வழக்கமாகவே, பல ஏடுகளை நிரப்பிய வாழ்த்துகளை வாசகர்கள் புரட்டித் தள்ளிவிட்டு நேரே நூலுக்குப் போகக் கற்றார்கள்.

இதே நாடகம் நம் கண்முன் கம்ப்யூட்டர் உலகத்தில் மறுபடி அரங்கேறியிருக்கிறது. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையில், ஓர் இணையதளம் மற்றொன்றைச் சுட்டும் லிங்க் ஒரு சாட்சியாகக் கொள்ளப்பட்டது. சுட்டுகிற தளம் தானும் பலரால் சுட்டப்படுவதாயின் சாட்சிக்குக் கனம் அதிகம், அதுவே பல்லாயிரம் பேரைச் சுட்டினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சொற்பம். உடனே, இப்படிப் பிற தளத்திலிருந்து வரும் லிங்கை, அதாவது பேக்லிங்கை, விற்கிற சந்தை முளைத்தது. விளம்பரத்துக்கும் கண்டவர் எழுதும் குறிப்புகளுக்கும் இடும் லிங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று தளத்தாரே குறித்துவிடும் ‘நோஃபாலோ’ அடையாளம் 2005-இல் வந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் ‘பென்குவின்’ என்ற மாறுதலைச் செய்து, விலைக்கு வாங்கிய சாட்சிகளை நம்பி முன்வரிசையில் இருந்த தளங்கள் பலவற்றைப் பின்னுக்குத் தள்ளியது.

முசிறிப் பக்கத்தில் கோரைப்பாய் நெய்து விற்கும் ஒருவர் தமக்கென ஒரு தளம் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அயல்நாட்டுச் சூதாட்டப் பக்கங்களிலிருந்து ஒரே வாசகத்தோடு அவருக்கு வரும் ஆயிரம் லிங்குகளைவிட, கைத்தொழில்களைப் பற்றி எழுதும் ஒரு பத்திரிகை, கோரையைக் கீறி உலர்த்திச் சாயமேற்றும் முறையை வர்ணிக்கும் பாராவின் நடுவே இயல்பாக இடும் ஒரு லிங்கு மேலானது. அப்பத்திரிகைக்கு மெய்யான வாசகர் உண்டு. அதன் விஷயமும் பாயின் விஷயமும் ஒன்று. லிங்கை இடாமல் விட்டிருந்தாலும் அதற்கு நஷ்டமில்லை.

ஆகவே பேக்லிங்கின் தரத்தை நிறுக்க வருகிறவர் புதிய தராசு தேட வேண்டியதில்லை. சொல்பவர் யார், சொல்லத் தகுதி உள்ளவரா, நூலை அறிந்து சொன்னாரா, கூலி பெற்றுச் சொன்னாரா என்ற நான்கு கேள்விகளையும் பவணந்தியின் விதியும் சீரங்கத்துக் கதையும் முன்பே கேட்டுவிட்டன. சாட்சி மலிந்த ஒவ்வொரு காலத்திலும் இக்கேள்விகளை மறந்தவர்கள் நஷ்டப்பட்டார்கள். சாற்றுகவியைப் பண்டமாற்றாக்கிய அச்சுக்காலத்துப் புலவனுக்கு நேர்ந்ததே லிங்கை விலையாக்கிய வியாபாரிக்கும் நேர்ந்தது.