உண்ணிச்செடி

உண்ணிச்செடி (லண்டானா கமாரா): வெர்பினேசி குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடி. தாயகம் நடு, தென் அமெரிக்க வெப்பமண்டலப் பகுதிகள். கொத்துக்கொத்தாகப் பூத்து, மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு என நிறம் மாறும் பூக்களுக்காக ஐரோப்பியர் இதை அழகுச்செடியாக வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்கா வழியாக இந்தியாவுக்கு வந்தது.

பரவல்: கருநிறக் கனிகளைத் தின்னும் பறவைகள் விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றன. வெட்டினாலும் எரித்தாலும் அடித்தண்டிலிருந்து மீண்டும் தழைக்கிறது. தோட்டத்து வேலி தாண்டிய இச்செடி முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம் காடுகளில் அடர்ந்து வளர்ந்துள்ளது.

பாதிப்பு: புற்களையும் மரக்கன்றுகளையும் வளரவிடாமல் தடுப்பதால் மான், காட்டெருது போன்றவற்றின் மேய்ச்சல் குறைகிறது. இலைகளைத் தின்னும் கால்நடைகளுக்குக் கல்லீரல் பாதிக்கப்படும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றுள்ளது.

கட்டுப்பாடு: வேர்ப்பகுதியோடு அகற்றி, அங்கே நாட்டுப் புற்களையும் மரங்களையும் நட்டு, சில ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிப்பதே பலன் தரும். அகற்றிய தண்டுகளிலிருந்து பழங்குடிக் கைவினைஞர்கள் அறைகலன்களும் யானை உருவங்களும் செய்கின்றனர். தோட்டத்துக்கு இட்லிப்பூ, நந்தியாவட்டை போன்றவை நல்ல மாற்று.