நான்கு பெட்டிகள் கேட்ட இசைத்தொகுப்பு

சங்கீதம் என்பது பத்துப் பேர் கூடியிருந்து கேட்கும் காரியமாக இருந்த நிலை மாறி, ஒருவன் தன் அறையில் தனித்து அனுபவிக்கும் அந்தரங்க சுகமாக ஆவதற்கு 1877-ஆம் ஆண்டில் எடிசன் கண்டுபிடித்த ஒலிப்பதிவு யந்திரம் வித்திட்டது என்றால், 1979-இல் ஜப்பானில் சோனி நிறுவனத்தார் விற்பனைக்குக் கொண்டுவந்த வாக்மன் அந்த மாற்றத்தைப் பூர்த்தி செய்து வைத்தது எனலாம். இந்தப் போக்குக்கு நேர் விரோதமாக, தனி ஒருவர் தம் ஒரே பெட்டியில் முறைப்படி கேட்கவே இயலாத இசைத்தொகுப்பு ஒன்று 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி அமெரிக்காவில் வெளியாயிற்று. அதன் பெயர் 'ஸைரீகா'. ஆக்கியவர்கள் ஓக்லஹோமா மாகாணத்தைச் சேர்ந்த ஃப்ளேமிங் லிப்ஸ் குழுவினர்.

1983-இல் தோன்றிய இக்குழுவினர், அறுபதுகளின் சைக்கடெலிக் ராக் மரபைத் தம் போக்கில் சுவீகரித்துக்கொண்டு, சிறு இசை வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் வாயிலாகத் தம் முதல் தொகுப்புகளை வெளியிட்டவர்கள். தலைவரான வெய்ன் காய்ன் வெகுகாலம் ஒரு மீன் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தே ஜீவனம் நடத்தினார். பின்னர் வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய ஸ்தாபனம் அவர்களை ஏற்றுக்கொண்டது. 1993-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டு வானொலியில் பிரபலமாயிற்று. 1995-ஆம் ஆண்டுத் தொகுப்போ போதிய அளவு விற்கவில்லை. அடுத்த ஆண்டு கிதார் கலைஞர் ரொனால்ட் ஜோன்ஸும் விலகிவிட, எஞ்சிய மூவரும் அவருக்குப் பதிலாக வேறொருவரைத் தேடாமல், பாட்டுக் கட்டும் முறையையே புதிதாக யோசிக்கத் தொடங்கினார்கள்.

கச்சேரிக்கு வந்த மக்களின் கார்கள் வரிசையாக நிற்கும் திடலில், பல கார்களின் வானொலிப் பெட்டிகளிலிருந்து ஒரே பாட்டு ஒரே சமயத்தில் எழுவதை இளமையில் கேட்டு வியந்த ஞாபகம் காய்னின் உள்ளத்தில் தங்கியிருந்தது. 1996-இல் அவர் முப்பது நாற்பது கேசட்டுகளைத் தனித்தனியே தயாரித்து, ஓக்லஹோமா நகரத்துக் கார் நிறுத்தகத்துக்கு நண்பர்களையும் ரசிகர்களையும் வரவழைத்து, காருக்கு ஒன்றாகக் கொடுத்து, தாம் சைகை காட்டியவுடன் எல்லோரும் ஒருசேர இயக்கும்படி செய்தார். ஒரு காரிலிருந்து மேளமும் மற்றொன்றிலிருந்து குரலும் இன்னொன்றிலிருந்து வெறும் நாதமுமாகக் கிளம்பிய ஒலிகள் யாவும் அந்தக் கட்டடத்துக்குள் ஒன்றோடொன்று கலந்தன. ஊர் கூடித் தேர் இழுத்தாற்போல, அங்கே வந்திருந்த ஒவ்வொருவர் கையும் அந்தச் சங்கீதத்தில் இருந்தது. கேட்பவன் வேறு, இசைப்பவன் வேறு என்ற பேதம் அங்கே தளர்ந்தது. என் அபிப்பிராயத்தில் இக்குழுவின் சரித்திரத்தில் இதைவிட மேலான காரியம் வேறில்லை.

அந்த அனுபவத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் பிரயத்தனமே 'ஸைரீகா'. நியூயார்க் மாகாணத்தில் கஸடேகா கிராமத்தின் அருகே இசைத் தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மன் அமைத்த ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான இதில், எட்டுப் பாடல்களும் நான்கு குறுந்தகடுகளில் பிரித்துப் பதிவு செய்யப்பட்டிருந்தன. நான்கையும் நான்கு யந்திரங்களில் ஏககாலத்தில் ஓட்டினால்தான் பாடல்கள் முழு வடிவம் பெறும். எந்த இரண்டு யந்திரங்களும் மிகச் சரியாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. விரல் அழுத்தும் கணமும் ஆளுக்கு ஆள் சற்று மாறும். ஆகவே ஒரு தடவை கேட்டது மறு தடவை அப்படியே திரும்புவதில்லை. இதைக் குறையாகக் கருதாமல் கலையின் அங்கமாகவே அவர்கள் அங்கீகரித்தார்கள். வழக்கத்துக்கு மாறான ஸ்தாயிகளிலுள்ள ஒலிகள் சிலருக்குத் தலைசுற்றலை உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கையும் உறைமேல் அச்சாயிற்று.

லாபம் கருதும் ஸ்தாபனம் இத்தகைய ஒன்றை வெளியிடச் சம்மதித்தது சாமானியமல்ல. அதே காலத்தில் பதிவாகிவந்த 'தி சாஃப்ட் புல்லட்டின்' என்ற மற்றொரு தொகுப்பையும் சேர்த்துக் காட்டியே, குழுவின் நிர்வாகி ஸ்காட் புக்கர் வார்னர் நிறுவனத்தாரை இணங்க வைத்தார். அத்தொகுப்பு 1999-இல் வெளிவந்து பெரும் புகழை ஈட்டிற்று. 'ஸைரீகா'வை வாங்கியவர்களோ அண்டை அயலாரிடம் பெட்டிகளை இரவல் வாங்கி, நண்பர்களைக் கூட்டி, ஒருவர் எண்ணிச் சொல்ல மற்றவர்கள் பொத்தானை அழுத்தக் கேட்டார்கள். இவ்வாறு கூடிக் கேட்பதே அதற்குரிய சம்பிரதாயமாக நிலைத்தது. 2013-இல் அது நான்கு இசைத்தட்டுகளாக மறுபதிப்பும் பெற்றது.

நான்கையும் கலந்து ஒன்றாக்கிய பிரதிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அவற்றை நாடாமல், வேறு மூவரை வீட்டுக்கு அழைத்து, நான்கு பெட்டிகளை அறையின் நான்கு மூலைகளில் வைத்தே இதைக் கேட்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.