புரவலர் வருகை: தாம்பரம், தென்சென்னைப் புறநகர் நோக்கில் அயல்நாட்டுக் குழந்தை ஆதரவுத் திட்டங்களின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

அயல்நாட்டார் ஒருவர் பெயரறிந்த ஒரு குழந்தைக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவதும், பின்னர் அக்குழந்தையைக் காணக் கடல்கடந்து வருவதும் அறக்கொடை வரலாற்றில் தனித்ததொரு வழக்கமாகும். இவ்வழக்கம் தென்சென்னைப் பகுதியோடு கொண்ட தொடர்பையும் 2017இல் அதற்கு நேர்ந்த முறிவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புரவலர், குழந்தை ஆதரவு, தாம்பரம், தன்னார்வலர், அயல்நாட்டு நிதி.

பெயர் சூட்டிய கொடை

தமிழ்ச் சூழலில் இவ்வழக்கத்தின் வேர் யாழ்ப்பாணத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க இலங்கை மிஷன் நடத்திய உறைவிடப் பள்ளிகளில், ஒரு மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்கர் விரும்பிய பெயரே அம்மாணவருக்குச் சூட்டப்பட்டது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, பாவலர் சரித்திர தீபகம் (1886) இயற்றிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை எனத் தமிழ்ப் புலமை வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர்கள் அவ்வழக்கத்தின் தடயங்கள். அன்று கொடையாளர் கப்பலேறி வரவில்லை. அவர் பெயர் மட்டுமே வந்தது.

ஒரே போரின் இரு விளைவுகள்

உலக மிஷனரி மாநாடு 1938 டிசம்பரில் தாம்பரத்தில், அதற்கு முந்தைய ஆண்டில்தான் அங்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடியது. சீனாவின் ஹாங்சோ நகரில் நடக்கவிருந்த அம்மாநாடு சப்பானியப் படையெடுப்பால் இடம்மாறிற்று. அதே போரில் ஆதரவற்றுப்போன சீனக் குழந்தைகளுக்காக அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் கால்விட் கிளார்க் ஒரு நிதியத்தை நிறுவியதும் 1938இலேயே. பிற்காலத்தில் கிறித்தவக் குழந்தைகள் நிதியம் எனப் பெயர் மாறிய இவ்வமைப்பு, ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் என்ற முறையைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்கும் வழக்கம் ஆய்வுலகில் இல்லை. நோக்கத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கொரியப் போர்க்காலத்தில் இம்முறை விரிந்தது. 1950இல் பாப் பியர்ஸ் தொடங்கிய வேர்ல்டு விஷன், 1952இல் எவரெட் சுவான்சன் தொடங்கிய கம்பேஷன் ஆகியன பின்னர் இந்தியாவுக்கும் வந்தன. முன்னதன் இந்தியத் தலைமையகம் சென்னைக் கோடம்பாக்கத்தில் அமைந்தது. ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரில் 1949இல் ஹெர்மன் மைனர் உருவாக்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராம முறை தாம்பரத்தில் வேறொரு வடிவம் எடுத்தது. ஓர் இல்லத்துக்கு ஒரு தாய், உடன் வளரும் பிள்ளைகள் என்னும் அந்த அமைப்பில் புரவலர் தாங்குவது ஒரு தனிக் குழந்தையை மட்டுமன்று. ஒரு கிராமம் முழுவதையும் தாங்கலாம்.

வருகையின் இருமுகம்

கடிதமே இம்முறையின் உயிர்நாடி. குழந்தை தமிழில் எழுதியதை அலுவலகத்தில் ஆங்கிலமாக்குவர். புரவலரின் மறுமொழி தமிழாகித் திரும்பும். இருவருக்கும் இடையே எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பாளர் அமர்ந்திருந்தார் என்பதை வரலாற்றாளர் போதிய அளவு கவனித்ததில்லை. அந்த இடைவெளியைக் கடக்கும் முயற்சியே புரவலரின் பயணம். விமானப் பயணம் எளிதான பின்னர், பணம் அனுப்பியவர் தன்னார்வலராகவும் வந்து சில நாள் விளையாட்டு, ஆங்கிலப் பயிற்சி, சுவருக்கு வண்ணம் பூசுதல் போன்ற பணிகளில் பங்கேற்றார்.

பரிசுப் பொதி ஒரு குழந்தைக்கு வரும். உடன்பிறந்தாரும் அண்டைவீட்டுப் பிள்ளைகளும் பார்த்திருப்பர். இவ்வேற்றத்தாழ்வையும், கொடுப்போர் பெறுவோர் உறவில் பொதிந்த தாழ்வுணர்ச்சியையும் சுட்டிய நியூ இன்டர்நேஷனலிஸ்ட் இதழ், குழந்தைக்குப் புரவலராக வேண்டாம் என்று கேட்டு 1982 மே மாதம் ஒரு சிறப்பிதழே வெளியிட்டது. தனிக் குழந்தைக்குச் செல்லும் நிதியை வட்டார வளர்ச்சிக்குத் திருப்பும் போக்கு பின்னர் வலுப்பெற்றது. ஆயினும் விமரிசனமே முழு உண்மையன்று. புரூஸ் வைடிக், பால் கிளெவி, லேன் ரட்லெட்ஜ் ஆகியோர் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் 10,144 பேரிடம் மேற்கொண்ட ஆய்வு (2013), கம்பேஷன் ஆதரவு பெற்றோர் 1.03 முதல் 1.46 ஆண்டுகள் கூடுதலாகக் கல்வி பெற்றதைக் காட்டியது. ஓராண்டுப் படிப்பு பத்தாம் வகுப்பைத் தாண்டுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும் குடும்பங்களில் இது சிறிய எண்ணன்று.

முறிவு

அயல்நாட்டு நிதியை 1976ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டமும் நெறிப்படுத்தின. 2016இல் கம்பேஷன் அனுப்பும் பணத்துக்கு உள்துறை அமைச்சகத்தின் முன்அனுமதி கட்டாயமாயிற்று. மதமாற்றத்துக்கு நிதி செல்கிறது என்பது அரசுத் தரப்பு. அதனை நிறுவனம் மறுத்தது. 2017 மார்ச்சில் அந்நிறுவனம் இந்தியப் பணியை முடித்துக்கொண்டது. ஏறத்தாழ 1,45,000 குழந்தைகளின் ஆதரவு நின்றது. சென்னையில் இயங்கிய அதன் கிளைப் பணியும் மூடப்பட்டது. குழந்தையின் பாதுகாப்புக் கருதி இருதரப்பு முகவரிகளும் பகிரப்படாத முறை அது. ஆகவே அலுவலகம் மூடியபோது பணம் மட்டுமன்றிக் கடிதமும் வருகையும் ஒருசேர அற்றன. பல்லாண்டு எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒருவரையொருவர் தேடும் வழி இல்லாமற்போயிற்று. சட்ட விவாதங்கள் நிதியைப் பற்றியே பேசின. இவ்விழப்பு எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

2020ஆம் ஆண்டுத் திருத்தம், அயல்நாட்டு நிதி பெறும் அமைப்பு அதனை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடுத்தது. நகரத் தலைமையகம் பெற்றுப் புறநகர்ச் சிற்றில்லங்களுக்குப் பகிரும் பழைய ஏற்பாட்டுக்கு இதனால் இடமில்லாது போயிற்று.

மறுபுறம், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஆதரவுத்தொகையை அரசின் திட்டமாக்கியது. மிஷன் வாத்சல்யா வழியே தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தாம்பரத்துக் குடும்பங்களின் விண்ணப்பம் செங்கல்பட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் செல்கிறது. அங்குப் புரவலர் என்று எவரும் இல்லை. கடிதமும் இல்லை, வருகையும் இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயரை ஊடகங்களில் வெளியிடுவதை அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது.