கரம் தொடாத உறுதிமொழி



சந்திக்கும்போது ஸலாம் கூறுவதும் கைகொடுத்து முஸாஃபஹா செய்வதும் மார்க்கம் கற்றுத்தந்த அழகிய பண்புகளாகும். நபித்தோழர்களிடம் முஸாஃபஹா வழக்கம் இருந்ததா என்று கதாதா (ரஹ்) வினவியபோது, அனஸ் (ரலி) அவர்கள் ஆம் என்று விடையளித்ததை புகாரீ பதிவு செய்துள்ளது. ஆனால், அந்நிய ஆணும் பெண்ணும் கைகுலுக்கலாமா? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள்.

கி.பி. 622இல் நடந்த இரண்டாம் அகபா உடன்படிக்கைக்கு மதீனாவிலிருந்து 73 ஆண்களும் 2 பெண்களும் வந்திருந்தனர். ஆண்கள் நபி (ஸல்) அவர்களின் கரம் பற்றி பைஅத் செய்தனர். நுஸைபா (ரலி), அஸ்மா (ரலி) ஆகிய இரு பெண்மணிகளிடமும் சொல்லாலேயே உறுதிமொழி பெறப்பட்டது. அச்சொல் எடை குறைந்ததா? அதே நுஸைபா (ரலி) அவர்களே உஹுத் களத்தில் நபிகளாரைக் காக்க நின்று காயங்களை ஏற்றார்கள்.

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது, ஹிந்த் உள்ளிட்ட குறைஷிப் பெண்களும் பைஅத் செய்தனர். பைஅத்தின்போது எந்தப் பெண்ணின் கரத்தையும் நபிகளாரின் கரம் தொட்டதில்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். கைகொடுக்குமாறு உமைமா (ரலி) முதலிய பெண்கள் வேண்டியபோது, தாம் பெண்களிடம் கைகுலுக்குவதில்லை என்றும், நூறு பெண்களுக்குக் கூறும் சொல்லே ஒரு பெண்ணுக்கும் உரியது என்றும் நபிகளார் விளக்கினார்கள். கரம் நீட்டப்படவில்லை, ஆனால் எவரும் அவமதிக்கப்படவுமில்லை. இதுவே நாம் பெறவேண்டிய படிப்பினை.

நம் தமிழகத்தில் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபினரும் வாழ்கின்றனர். அந்நிய இளம்பெண்ணிடம் கைகுலுக்குவதை இரு மத்ஹபுகளும் தடுக்கின்றன. இச்சைக்கு இடமில்லாத முதிய பெண்மணியின் விஷயத்தில் ஹனஃபீ நூலாகிய ஹிதாயா சலுகை தருகிறது.

இன்று தென்காசி, கடையநல்லூர்ப் பிள்ளைகள் கடல் கடந்து பணிபுரிகின்றனர். நேர்முகத் தேர்வில் எதிரிலிருப்பவர் கை நீட்டினால் என்ன செய்வது? ஸ்வீடனில் ஒரு முஸ்லிம் பெண் கைகுலுக்காமல் நெஞ்சில் கைவைத்து வணங்கியதால் நேர்முகத் தேர்வு இடையில் நிறுத்தப்பட்டது. அவருக்கு 40,000 குரோனர் இழப்பீடு வழங்குமாறு 2018இல் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2020இல், பெண் அதிகாரியிடம் கைகுலுக்க மறுத்த ஒரு மருத்துவருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது சரியே என்று ஜெர்மானிய நீதிமன்றம் கூறியது. பேணுதலுக்குச் சில வேளைகளில் விலையும் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

சாரல் காலத்தில் குற்றாலப் பேரருவிக்குச் செல்கிறோம். அங்கு ஆண்களும் பெண்களும் தனித்தனி இடங்களில் குளிக்கின்றனர். அதை யாரும் அவமரியாதையாகக் கருதுவதில்லை. ஏனெனில் அது அனைவரும் அறிந்த ஒழுங்கு. கைகுலுக்காமையும் அவ்வாறே. முகம் சுளித்துக் கையை இழுத்துக்கொள்வது நபிவழியன்று. எதிரில் இருப்பவர் கை நீட்டுமுன்பே வலக்கரத்தை நெஞ்சில் வைத்து, முகமலர்ச்சியோடு வணக்கம் கூறுங்கள். காரணத்தை ஓரிரு சொற்களில் பணிவாக எடுத்துரையுங்கள். இதை உங்கள் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் இல்லத்திலேயே பழக்குங்கள்.

பேணுதலையும் பணிவையும் ஒருசேரக் கடைப்பிடிக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.