பளபளக்கும் பானை ஓடு

இரும்பு என்றால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். பானையை யார் பார்க்கிறார்கள்?

2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரிக்குப் போய்விட்ட ஊர் மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தபோது நாடே பேசியது. அந்தப் பரபரப்பில் இன்னொரு சேதி அமுங்கிப்போச்சு. கறுப்பு சிவப்புப் பானை, இரும்புக் காலத்துக்கு முன்பே, புதிய கற்காலத்தின் கடைசியிலேயே வந்துவிட்டதாம்!

அந்தப் பானை ஓட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேசாக மினுங்கும். மெருகெண்ணெய் எதுவும் இல்லை. பாதி காய்ந்த பானையைக் கூழாங்கல்லால் தேய்த்தார்கள், அவ்வளவுதான். களிமண் துகள்கள் சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி தட்டையானவை. தேய்க்கத் தேய்க்க ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும். ஒளி சிதறாமல் திரும்புகிறது.

சரி, யாரும் தேய்க்காமல் அந்தச் சீட்டுகள் தானாகவே வரிசைக்கு வருமா?

வரும்! 1938-ல் அமெரிக்க விஞ்ஞானி லாங்மூர், கலிஃபோர்னியாக் களிமண்ணை நீரில் கலந்து குழாயில் நிற்கவிட்டார். பல நாள் கழித்து அது இரண்டு அடுக்காகப் பிரிந்தது. குறுக்காக வைத்த போலராய்டு தகடுகளுக்கு நடுவே பார்த்தால் கீழடுக்கு மட்டும் ஒளிர்ந்தது. ஓடுவதில் தண்ணீர், ஒழுங்கில் படிகம். கால்குலேட்டர் திரையில் இருக்கிறதே, அதே திரவப் படிகம்தான்.

காரணத்தை 1949-ல் ஆன்ஸாகர் விளக்கினார். துகள்களுக்குள் ஈர்ப்புகூட வேண்டாம், நெரிசல் போதும். திருவிழாக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நின்றால்தானே கை கால் அசைக்க இடம் கிடைக்கும்?

1977-ல் நம் பக்கத்து பெங்களூரும் இதில் பெயர் பதித்தது. சர் சி.வி. ராமனின் தங்கை மகன் எஸ். சந்திரசேகர், ராமன் ஆய்வுக் கழகத்தில் தம் சகாக்களோடு தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார். அதுவரை குச்சி வடிவம் அவசியம் என்றே நம்பியிருந்தார்கள்.

ஆனால் களிமண்ணில் ஒரு தொல்லை. ஒரு துகளின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் ஒட்டும். வரிசைக்கு வருவதற்குள் மொத்தமும் கூழாக இறுகிவிடும். ஒட்டுவது குயவருக்கு வரம், விஞ்ஞானிக்குச் சாபம்!

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் லெக்கர்கெர்க்கர் குழு இதற்கு வழி கண்டது. அவர்கள் எடுத்தது களிமண்ணின் பங்காளியான கிப்சைட். நம் சேர்வராயன் மலை பாக்ஸைட்டில் இருக்கும் அதே கனிமம். அதன் தட்டுகளை ஆய்வகத்தில் தயாரித்து, மேலே பாலிமர் இழைகளை முடிபோல் பொருத்தினார்கள். ஒட்டுவது நின்றது. 1998-ல் தட்டுகள் ஒரே பக்கம் திரும்பி நின்றன. 2000-ல் காசுகளை அடுக்கினாற்போல் தூண் தூணாகவே நின்றன!

மயிலாடும்பாறைக் கைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் கூழாங்கல்லை எப்போது எடுக்கவேண்டும், எவ்வளவு அழுத்தவேண்டும் என்பது தெரிந்திருந்தது. அடுத்த முறை அருங்காட்சியகம் போனால், இரும்பைப் பார்த்துவிட்டுப் பானைக்கும் ஒரு நிமிஷம் கொடுங்கள்.